பாடியது மீனா, டிரைவரா?

1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், வாவிக்குள் படகில் போய்க் காது கொடுத்துக் கேட்டார். பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் அவர். நீரின் அடியிலிருந்து சின்னச் சின்ன ஒலிகள் ஏராளமாக, ஆனால் ஒன்றோடொன்று கலந்து மங்காமல் வந்துகொண்டிருந்தன. படகின் பலகையில் காதை வைத்தபோது அவை இன்னும் உரத்துக் கேட்டன. படகு நகர நகர ஓரிடத்து ஒலி அடங்கி, வேறிடத்தில் வேறு சுருதி எழுந்தது. பாடுவது ஊரி என்ற நத்தையினம் என்று மீனவர்கள் சொன்னார்கள். ஊரிகளைக் கொண்டுவந்தும் காட்டினார்கள். டெனன்ட் இதையெல்லாம் 1859இல் வெளியான தம் இலங்கை நூலில் எழுதிவைத்தார்.

ஊரியா மீனா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. ஊர் மீனின் பக்கம் நின்று ‘மீன்பாடும் தேனாடு’ என்று பெயர் வாங்கிக்கொண்டது. லண்டன் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவரும், 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ முழுவதும் சுருதிகளைக் கணக்குப் போட்டுக் காட்டியவருமான சுவாமி விபுலாநந்தரோ, கவிதை என்று வந்தபோது இந்த இசையை நீரரமகளிருக்குக் கொடுத்துவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க யேசுசபைத் துறவியான லாங் அடிகளார் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கிப் பதிவு செய்தார். அது வானொலியிலும் ஒலித்தது. கருவி இல்லாதவர்களுக்குத் துடுப்பு இருக்கிறது. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்பது இங்கே பழைய வழக்கம்.

இன்று ஒருவர் இந்த வழக்கைத் தீர்க்க நினைத்தால் துடுப்பை நம்பமாட்டார். நீரடி ஒலிவாங்கி ஒன்று, ஒலியை எண்களாக்கும் சிறு சில்லு ஒன்று, ராஸ்பெரி பை போன்ற கையடக்கக் கணினி ஒன்று, மின்கலம் ஒன்று. எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பெட்டியில் அடைத்து, பாலத்தின் தூணருகே இறக்கிவிட்டு, விடியும்வரை பதிவு செய்யலாம். விலையும் கைக்கெட்டாத விலையல்ல. இந்த அத்தியாயம் அந்தப் பெட்டிக்குள் ஒலி நடக்கும் கடைசிச் சில சென்ரிமீற்றர்களைப் பற்றியது. சில்லிலிருந்து நினைவகத்துக்குப் போகும் அந்தச் சிறு வழியில் கோளாறு இருந்தால், வாவியில் இல்லாத ஒரு மீன் உங்கள் பதிவில் பாடத் தொடங்கிவிடும்.

முதலில் கணக்கு. செக்கனுக்கு 48,000 தடவை ஒலியை அளப்பது வழக்கமான வேகம். பத்து மணி நேர இரவுக்கு 172 கோடியே 80 இலட்சம் மாதிரிகள். மாதிரி ஒன்றுக்கு இரண்டு பைட் என்றால் ஏறத்தாழ 3.5 கிகாபைட். சேமிப்பட்டைக்கு இது பெரிய விஷயமல்ல. சிக்கல் நேரத்தில் இருக்கிறது: ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே 21 மைக்ரோசெக்கன் கூட இல்லை. ஒவ்வொரு மாதிரி வரும்போதும் பிராசஸரைத் தட்டி எழுப்பி, கையில் இருக்கும் வேலையை நிறுத்தவைத்து, அந்த இரண்டு பைட்டை எடுத்து வைக்கச் சொன்னால், அது இரவு முழுவதும் எழும்புவதும் படுப்பதுமாகவே இருக்கும். பிந்தினால் மாதிரி போய்விடும். வாவி அதை இன்னொரு தடவை பாடிக் காட்டாது.

இதற்காகத்தான் டிஎம்ஏ என்ற நேரடி நினைவக அணுகல். பிராசஸரின் கையைப் பிடிக்காமல் கருவிக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவை நகர்த்தும் தனி மின்சுற்று இது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8237 என்ற சில்லு இந்த வேலையைச் செய்தது; நான்கு தடங்கள், ஒரே மூச்சில் அதிகபட்சம் 64 கிலோபைட். இன்று அது பெரும்பாலும் பிராசஸர் இருக்கும் அதே சில்லுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. மூட்டை தூக்கும் நாட்டாமையிடம் கடை முதலாளி ஒரு துண்டு எழுதிக் கொடுப்பதைப் போல, எங்கிருந்து எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு, இது முடிந்ததும் அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்று பிராசஸர் நினைவகத்தில் எழுதி வைக்கிறது. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. ராஸ்பெரி பையின் பழைய சில்லான பிசிஎம்2835இல் இந்தத் துண்டு சரியாக 32 பைட். ஒலிப்பதிவுக்கு ஒரு சூழ்ச்சி உண்டு: கடைசித் துண்டில் ‘அடுத்தது’ என்ற இடத்தில் முதல் துண்டின் முகவரியையே எழுதிவிடுவார்கள். அப்போது டிஎம்ஏ ஒரு வளையத்தைச் சுற்றிச் சுற்றி நிரப்பிக்கொண்டே இருக்கும். வளையத்தின் ஒரு பகுதி நிரம்பியதும் பிராசஸரை ஒரு தடவை தட்டும். அந்தப் பகுதியை ஒலிப் பொறியாளர்கள் ‘பீரியட்’ என்பார்கள். பீரியடில் 1,024 மாதிரிகள் என்றால், செக்கனுக்கு 48,000 தட்டல்கள் 47க்கும் குறைவாக இறங்கிவிடுகின்றன.

துல்லியமாகச் சொன்னால் 46.875. இந்த எண்ணை மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு பீரியடின் விளிம்பிலும் நான்கைந்து மாதிரிகள் கெட்டுப்போகின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு விளிம்பிலும் மெல்லிய ‘டிக்’. செக்கனுக்கு 46.875 டிக். அந்த வேகத்தில் காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காது. அடித்தொண்டையிலிருந்து வரும் ஒரு முனகலாகவே கேட்கும். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் ஓடுவதால், அனுபவமுள்ளவர் கூட ‘கரண்ட் இரைச்சல்’ என்று தள்ளிவிடக்கூடும். பீரியடை 512 ஆக்கினால் முனகல் 93.75க்கு ஏறும். இங்கேதான் வினை. கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் படகு வீடுகளில் குடியிருந்தவர்களின் தூக்கத்தை 1980களில் கெடுத்த மர்ம முனகல் ஒன்று இருந்தது. கடைசியில் அது இணையைக் கூப்பிடும் ஆண் மீனின் குரல் என்று தெரியவந்தது. அந்த இனத்தின் குரல் 100 ஹேர்ட்ஸை ஒட்டியே இருக்கும். பொதுவாகவே மீன்களின் குரல் சில பத்து ஹேர்ட்ஸிலிருந்து ஆயிரம் வரையான கீழ்ப்பகுதியில்தான் பெரும்பாலும் விழுகிறது. டிஎம்ஏ கோளாறு பாடும் சுருதியும் அதே வீதியில்தான் குடியிருக்கிறது.

கோளாறுகள் எங்கிருந்து வருகின்றன? டிஎம்ஏவை ஓட்டும் டிரைவர், இந்தக் கணினிகளின் இயங்குதளமான லினக்ஸின் மையப் பகுதியாகிய கர்னலுக்குள் இருக்கும் சில நூறு வரி நிரல். அது தவறு செய்யக்கூடிய இடங்கள் பல. இரண்டை வேகமாகச் சொல்லிவிட்டு மூன்றாவதில் நிற்கிறேன்.

முகவரி ஒன்று. பிசிஎம்2835இல், கருவிக்குக் கட்டளை எழுதும் சிறு சேமிப்பிடமான ஒரே ரெஜிஸ்டரைப் பிராசஸர் ஒரு முகவரியில் பார்க்கிறது, டிஎம்ஏ வேறு முகவரியில் பார்க்கிறது. பிராசஸரின் முகவரியை அப்படியே துண்டில் எழுதினால் தரவு எங்கேயோ போகும். இந்தத் தவறு முதல் நாளே பல்லைக் காட்டிவிடும். அதனால் ஆபத்துக் குறைவு.

கேச் இரண்டாவது. பிராசஸர் அடிக்கடி தொடும் தரவின் பிரதியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. டிஎம்ஏ நேராக நினைவகத்தில் புதிய மாதிரிகளை எழுதிவிட்டுப் போன பிறகும், சிறிய சில்லுகள் பலவற்றில் பிராசஸர் தன் பழைய பிரதியையே வாசித்துக்கொண்டிருக்கும். அப்படி நடந்தால் இப்போதைய ஒலிக்குப் பதில் வளையத்தின் போன சுற்று ஒலி திரும்ப வரும். லினக்ஸின் ஒலிப் பகுதி கேச் வழியாகப் போகாத நினைவகத்தை வாங்கி இதிலிருந்து பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்கள்தான் இதில் விழுவார்கள்.

மூன்றாவது, ‘முடிந்ததா?’ என்ற கேள்வி. கேட்கச் சின்னதாக இருக்கும். அனுபவசாலிகளையும் ஆண்டுக்கணக்கில் ஏமாற்றுவது இதுதான்.

பிசிஎம்2835இன் டிஎம்ஏ டிரைவர் 2013 வாக்கில் எழுதப்பட்டு லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது. உலகம் முழுவதும் ராஸ்பெரி பைகளில் ஓடியது. ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரியில், லூக்காஸ் வுன்னர் என்ற ஜெர்மன் நிரலாளர் இரண்டு திருத்தங்களை அனுப்பினார். அப்போது லினக்ஸில் டிஎம்ஏ பகுதியைப் பராமரித்தவர் இந்தியரான வினோத் கௌல். அவர் வழியாகத் திருத்தங்கள் கர்னலில் சேர்ந்தன. வுன்னர் தம் திருத்தங்களோடு எழுதிய விளக்கக் குறிப்புகள் நிரலைவிட நீளம். கர்னல் உலகில் எனக்குப் பிடித்த உரைநடைகளில் அவை இரண்டும் உண்டு.

முதல் திருத்தம், நடந்துகொண்டிருக்கும் இடமாற்றத்தைப் பாதியில் நிறுத்துவது பற்றியது. பழைய நிரல் இப்படி நடந்தது: தடத்தின் ரெஜிஸ்டரில் ‘ஆக்டிவ்’ என்ற கொடியை, அதாவது ஒற்றை பிட்டை, இறக்கு, தடம் இடைநிற்கும். பிறகு ‘பாஸ்டு’ என்ற கொடி இறங்கும்வரை காத்திரு. சில்லின் கையேட்டைத் திறந்தால், ஆக்டிவ் கொடியை இறக்கியதும் பாஸ்டு கொடி ஏறும் என்று எழுதியிருக்கிறது. அதாவது டிரைவர் தானே ஏற்றிய கொடி தானாக இறங்கும் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அது இறங்கவே இறங்காது. 10,000 தடவை பார்த்த பிறகு போதும் என்று விட்டுவிட யாரோ ஒரு வரம்பு வைத்திருந்ததால் மட்டுமே கணினி உறைந்துபோகாமல் தப்பியது. எழுதியவரின் நோக்கம், வழியில் போய்க்கொண்டிருக்கும் தரவு நினைவகத்தில் சேரும்வரை பொறுப்பது. அதற்குச் சில்லில் வேறொரு கொடி இருக்கிறது. பார்த்தது பிழையான கொடி.

அத்தோடு நிற்கவில்லை. காத்திருந்த பிறகு இடமாற்றத்தைக் கைவிடும்படி டிரைவர் கட்டளை கொடுத்தது. வுன்னர் ரெஜிஸ்டரை வாசித்துப் பார்த்தார். கையிலிருந்த துண்டின் முகவரி அப்படியே இருந்தது! தடம் துண்டைக் கீழே போடவில்லை, பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது. அடுத்த வேலையைத் தொடங்கச் சொன்னால் பழைய வேலையும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பதிவை நிறுத்தி, அதற்கென்று வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று நினைத்துப் பாருங்கள். அந்த இடம் அதற்குள் வேறொரு நிரலின் கைக்குப் போயிருந்தால், பழைய துண்டின்படி வாவியின் ஒலி அந்த நிரலின் தரவின்மேல் எழுதப்படும். பெரிய கணினிகளில் டிஎம்ஏ தொடக்கூடிய இடங்களுக்கு வேலி போட ஐஓஎம்எம்யு என்ற காவல் உண்டு. இந்தச் சின்னச் சில்லில் அது இல்லை. வுன்னரின் தீர்வு ரெஜிஸ்டரில் ஒரே தடவை எழுதுவது: தடத்தின் ‘ரீசெட்’ கொடியை ஏற்று. எல்லாம் துடைத்தெறியப்படும். நிரலும் சுருங்கியது.

இரண்டாவது திருத்தம் இதைவிட நுட்பமானது. டிஎம்ஏ தட்டும்போது டிரைவர் ‘கேட்டேன்’ என்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு ரெஜிஸ்டரில் ஒரு கொடியை எழுதுவார்கள். ஆக்டிவ் கொடி இருப்பதும் அதே ரெஜிஸ்டரில்தான். ‘கேட்டேன்’ என்பதை மட்டும் எழுதினால், ஆக்டிவ் இருக்கும் இடத்தில் சுழியம் விழுந்து தடம் நின்றுவிடும். வேலை முடிந்து தட்டுகிற தடம் ஏற்கெனவே நின்றிருப்பதால் இதில் கெடுதல் ஒன்றுமில்லை என்பது பழைய எண்ணம். பதில் உடனே போகும்வரை அந்த எண்ணம் சரியாகவே இருந்தது.

இப்போது பதில் பிந்தட்டும். நேரக் கட்டுப்பாடு கண்டிப்பான கணினிகளில், தட்டலுக்குப் பதில் சொல்லும் பகுதியையும் மற்ற வேலைகளைப் போல வரிசையில் நிற்கவைப்பார்கள். சுமை கூடினால் அதன் முறை தாமதமாகும். முதல் வேலை முடிந்து டிஎம்ஏ தட்டிவிட்டது. பதில் இன்னும் வரிசையில் நிற்கிறது. அதற்குள் அந்த வேலையைக் கொடுத்த நிரல் அதை ரத்துச் செய்துவிட்டு இரண்டாவது வேலையைத் தொடங்கிவிட்டது. தடம் இரண்டாவது வேலையின் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது, முதல் வேலைக்கான பதில் வந்து சேருகிறது. ரெஜிஸ்டரில் ‘கேட்டேன்’ விழுகிறது. ஆக்டிவ் கொடி இறங்குகிறது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது வேலை நடுவழியில் நிற்கிறது. டிரைவர் தன் குறிப்பைப் பார்க்கிறது: கையில் ஒரு வேலை இருக்கிறது, தட்டலும் வந்திருக்கிறது, ஆகவே அது முடிந்துவிட்டது. பாதியில் நிற்கும் இரண்டாவது வேலைக்கு ‘முடிந்தது’ என்று முத்திரை குத்துகிறது. இப்படி நடந்தபோது இணைய வலைச் சில்லு ஒன்றோடு பேசும் தொடர்பு அவ்வப்போது முறிந்தது. அந்த அறிகுறியிலிருந்து பின்னோக்கி நடந்துதான் வுன்னர் வேரைப் பிடித்தார்.

திருத்தம் இரண்டு சின்ன மாற்றங்கள். ஒன்று, ‘கேட்டேன்’ என்று எழுதும்போது ஆக்டிவ் கொடியையும் சேர்த்தே எழுது. ஓடும் தடம் தொடர்ந்து ஓடும். முடிந்த தடத்துக்குத் துண்டு இல்லாததால் கொடி ஏறியும் அது சும்மாதான் இருக்கும். மற்றது, முடிந்ததா என்று உன் குறிப்பைப் பார்க்காதே, தடத்தையே கேள். துண்டு முகவரி வைத்திருக்கும் ரெஜிஸ்டர் சுழியமாக இருந்தால் மட்டும் முடிந்தது.

ஒலிப்பதிவுக்காரர்களுக்கு இதில் ஒரு தனி ஆதாயம் உண்டு. வளையமாகச் சுற்றும் வேலைக்குப் பழைய நிரல் ஒவ்வொரு பீரியட் முடிவிலும் ஆக்டிவ் கொடியை இறக்கி, அடுத்த சில வரிகளில் மறுபடி ஏற்றியது. அதாவது ஒலித்தடம் ஒவ்வொரு பீரியடிலும் ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. அந்த இடைவெளியில் வரும் மாதிரிகளை ஏந்திக்கொள்ள ஒலிச் சுற்றில் 64 சொற்கள் கொள்ளும் வரிசை ஒன்று இருக்கிறது. செக்கனுக்கு 48,000 என்ற வேகத்தில் அது தாங்குவது சுமார் ஒரு மில்லிசெக்கன். மூச்சு அதற்குள் திரும்பிவிட்டால் ஒன்றும் கேட்காது, பெரும்பாலும் திரும்பிவிடும். திரும்பாத சமயத்தில் விழும் டிக், பீரியடின் விளிம்பில்தான் விழும். 2019க்குப் பிறகு அந்த மூச்சு நிறுத்தம் இல்லை.

இப்படிப்பட்ட கோளாறை நிரலை வாசித்து மட்டும் பிடிப்பது கடினம் என்பது என் கருத்து. ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். கர்னலில் ‘டிஎம்ஏ டிபக்’ என்ற சோதனை வசதி உண்டு. முகவரியையும் கேச்சையும் பற்றிய விதிமீறல்களை அது பிடித்துத் தரும். நேரத்தைப் பற்றிய பிழைகளுக்கு அது போதாது. அதற்கு ஒலியின் இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும் எண்களை அனுப்பி, கணினிக்கு வேண்டுமென்றே பாரத்தை ஏற்றி, வந்து சேர்ந்த எண்களில் எங்காவது ஒன்று தவறியதா, இரட்டித்ததா என்று பார்ப்பதே நல்ல வழி. அலுப்பான வேலைதான். ஆனாலும் ஓர் இரவில் உண்மை தெரிந்துவிடும்.

வாவி ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அதன் ஒலியை ஒழுங்காக, பல இடங்களில், பல பூரணைகளில் பதிவு செய்ய ஒரு பல்கலைக்கழகக் குழுவோ ஆர்வமுள்ள பள்ளி மாணவர்களோ முன்வந்தால், கருவிச் செலவு இன்று தடையல்ல. அப்படிப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியை வாவியில் இறக்குவதற்கு முதல் நாள், ஒலிவாங்கியை ஒரு வாளித் தண்ணீரில் வைத்து இரவு முழுவதும் பதிவு செய்யுங்கள். வாளியில் பாட்டுக் கேட்டால் அது மீனல்ல. வாவியில் சந்தேகமான முனகல் கிடைத்தால், பீரியடை 1,024இலிருந்து 512க்கு மாற்றி மறுபடி கேளுங்கள். மீனுக்கு உங்கள் பீரியட் தெரியாது. சுருதி இரட்டித்தால் பாடியது டிரைவர். குறிப்பேட்டில் திகதி, இடம், நிலா, நீரின் உப்பு ஆகியவற்றோடு கர்னல் பதிப்பையும் பீரியட் அளவையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.